பதினேழாம் குழியின் மரம்

பதினாறாம் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய பச்சைத் திட்டில் வாத்தியார் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் புல்லின் சாய்வைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடித்ததும் எழுந்து எதிர்ப்பக்கம் போய் அங்கேயும் படுத்தார். பின்னால் கோல்ஃப் ஆடிக்கொண்டு வந்த இருவர், வெயிலில் யாரோ சுருண்டு விழுந்துவிட்டார் என்று பதறி ஓடிவந்தார்கள். விழவில்லை, வேலைதான் பார்க்கிறார் என்று தெரிந்ததும் அவர்கள் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்கூடத் தெரிந்தது. அவரைச் சுற்றிக்கொண்டு முந்திப் போனார்கள்.

கழுத்தில் கேமராவோடு நிழலில் உட்கார்ந்திருந்த மச்சினனுக்குப் பொறுமை போய்விட்டது. "மாமா, அரை மணி நேரமா ஒரே புல்லப் பாக்கறீங்க. எங்கக்காவக்கூட இவ்வளவு உத்துப் பாத்திருக்க மாட்டீங்க."

"உங்கக்கா விஷயத்துல சந்தேகமே கிடையாது மாப்ள. எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் சாய்வு எனக்கு எதிராத்தான் இருக்கும்."

வாத்தியார் பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக்கொடுத்தவர். அவர் இருந்த பிரதேசத்தில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெயில் காயும். விடுமுறைக்காரர்கள் வந்து இறங்கிக்கொண்டே இருப்பார்கள். அவர்களில் கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு எந்த மைதானம் காசுக்குத் தகும் என்று எழுதிச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. கடலோர மணல்மேட்டு மைதானங்களுக்கு ஏற்கெனவே ஒருவர் இருந்தார். உள்ளே தள்ளி, மரமும் குளமுமாகப் பூங்கா மாதிரி விரிந்து கிடக்கும் மைதானங்கள் இவர் பங்குக்கு வந்தன. புல்லு வாத்தியார் என்று வீட்டில் விழுந்த பெயர் வெளியிலும் நிலைத்துவிட்டது. ஆட்டத்தில் அவர் ஒன்றும் சூரர் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மணல்குழியில் விரலை விட்டு எத்தனை கணு இறங்குகிறது என்று பார்ப்பார். நாலு மணிக்கு நிழல் எங்கே விழும் என்று நாலு மணிவரை நின்று பார்ப்பார். குடிதண்ணீர்க் குழாய் ஒவ்வொன்றையும் திறந்து மூடுவார். 'இவர் காலால் நடக்காத ஒரு குழியைப் பற்றியும் எழுதியதில்லை' என்று அவர் புத்தகத்தின் பின்னட்டையில் பதிப்பாளர் பெருமையாகப் போட்டிருந்தார்.

அது பொய். அந்தப் பொய் எங்கே இருக்கிறது என்று வாத்தியாருக்கு மட்டும் தெரியும். இதோ, அடுத்த மேட்டைத் தாண்டினால் இருக்கிறது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே மைதானத்துக்கு முதல்முறை வந்தபோது பழகிய பழைய செருப்பை விட்டுவிட்டு, இதற்கென்றே வாங்கிய புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பதினாலாம் குழியில் இரண்டு குதிகாலும் கொப்புளித்து உடைந்துவிட்டன. நாலரை மணிக்குக் கடைசி பஸ். மிச்சம் நாலு குழிதானே, என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்று திரும்பி நடந்தார். விடுதி அறையில் வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, மைதானத்தில் கொடுத்த வரைபடத்தை மடியில் விரித்து, பாக்கியை எழுதினார். வரைபடத்தில் மரங்கள் எல்லாம் சின்னச் சின்னப் பச்சை வட்டங்கள். பதினேழாம் குழிக்குப் போகும் புல்பாதையின் நட்டநடுவே மட்டும் ஒரு பெரிய பச்சை வட்டம், நடுவில் ஒரு புள்ளியோடு. சின்ன வட்டம் மரம் என்றால் பெரிய வட்டம் பெரிய மரம் என்று முடிவு கட்டினார். குறிவிளக்கம் பின்பக்கத்தில் இருந்தது. அதைப் பார்க்காமல் விடை எழுதிய எத்தனையோ பிள்ளைகளுக்குக் கூசாமல் பூஜ்யம் போட்டவர், அன்றைக்குத் தாளைத் திருப்பவில்லை. 'பாதையின் நடுவே ஒரு கிழட்டு மரம். இருநூறு வயதாவது இருக்கும். வலப்பக்கமா, இடப்பக்கமா என்று வருகிறவனைக் கேட்கிறது. பதில் சொல்லாமல் யாரும் அதைத் தாண்ட முடியாது' என்று எழுதினார். வேண்டுமென்றே அளந்துவிட்டதாக அவருக்குத் தோன்றவேயில்லை. கால் எரிச்சலுக்கு அந்த வரிகள் இதமாக இருந்தன.

புத்தகத்திலேயே எல்லாருக்கும் பிடித்த வரிகள் அவைதான். ஆனால் முதல் வருஷம் மூன்று கடிதங்கள் வந்தன, மரத்தைக் காணோமே என்று. அப்போதுதான் தாளைத் திருப்பிப் பார்த்தார். பெரிய வட்டம், நடுவில் புள்ளி: தண்ணீர்க் குழாயின் வால்வு. கடிதங்களை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். அப்புறம் கடிதமே வரவில்லை. எதையும் ஏன் என்று கேட்கிறவர், அது ஏன் நின்றது என்று மட்டும் கேட்கவில்லை. இப்போது இரண்டாம் பதிப்பு வருகிறது. அட்டையில் அந்த மரம்தான் வேண்டும் என்று பதிப்பாளர் ஒற்றைக்காலில் நிற்கிறார். படமெடுக்க, புகைப்படக்காரனான இவர் மச்சினனையே கூட அனுப்பியும் வைத்துவிட்டார். மரம் விழுந்துபோச்சாம் என்று முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு சொல்வதற்கு வாத்தியார் மூன்று நாளாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருந்தார்.

மேட்டின் மேல் முதலில் ஏறியது மச்சினன். "அடேங்கப்பா, நீங்க எழுதின மாதிரியேதான் மாமா இருக்கு" என்றான்.

வாத்தியார் அவன் கிண்டல் செய்கிறான் என்றுதான் நினைத்தார். மேலே வந்து பார்த்தால், பாதையின் நட்டநடுவே மரம் நின்றது. இலை இருந்தது, நிழல் இருந்தது, கிளையில் ஒரு பறவைகூட இருந்தது. முதலில் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. பிழைத்தோம், நாம்தான் ஏதோ குழம்பிவிட்டோம் என்று பத்து எட்டு நடந்தார். பதினோராவது எட்டில் அவருடைய புத்தி அவரை விடவில்லை. வரைபடம் வால்வு என்று சொன்னதே, அப்படியானால் இது எங்கிருந்து வந்தது?

மச்சினன் கேமராவில் எதையோ திருகிக்கொண்டிருக்க, வாத்தியார் மரத்தைச் சுற்றி வந்தார். அடிமரத்தைக் கட்டிப்பிடித்துப் பார்த்தார். இரண்டு கையும் சேர்ந்து, விரல்கள் கோத்துக்கொண்டன. இருநூறு வயது மரத்தை இப்படிக் கட்டிப்பிடிக்க முடியாது. இருபத்தைந்து, மிஞ்சினால் முப்பது. மண்டியிட்டுப் புல்லைத் தடவினார். மரத்தைச் சுற்றி மூன்றடிக்கு வேறு சாதிப் புல். அதற்கு வெளியே நாலு திசையிலும் நாலு ஓட்டைகள். மரம் சாயாமல் இழுத்துக் கட்டிய கம்பிகளுக்கு அடித்த முளைகள் இருந்த இடம். யாரோ இதை வேரோடு கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு பலகை. அதில் அவர் எழுதிய வரிகள், எழுத்து மாறாமல். கீழே அவர் பெயர்.

"சார் வந்தாச்சா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

அகலத் தொப்பியும் முழங்காலில் ஒட்டுப்போட்ட கால்சட்டையுமாக ஓர் அம்மாள் நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மைதானத்தின் புல்லும் மரமும் தன் பொறுப்பு என்றார். காலையில் வரவேற்பறைப் பதிவேட்டில் வாத்தியார் பெயரைப் பார்த்ததிலிருந்து எப்போது பதினேழுக்கு வருவார் என்று காத்திருந்தாராம்.

"மரம் நல்லா இருக்கு" என்றார் வாத்தியார்.

"கார் நிறுத்தற இடத்துல நின்னுது சார். நான்தான் தோண்டி எடுத்துட்டு வந்து வச்சேன். அஞ்சு வருஷம் ஆச்சு."

மச்சினன் கேமராவை இறக்கினான். அம்மாள் மரத்தடியில் குந்தி உட்கார்ந்து, புல்லில் கிடந்த சருகுகளைப் பொறுக்கிக்கொண்டே பேசினார்.

"உங்க புஸ்தகம் வந்தப்போ இங்க எனக்குப் பன்னெண்டு வருஷம். வர்றவங்க எல்லாம் கையில புஸ்தகத்த வச்சிட்டு மரம் எங்கன்னு கேட்டாங்க. அப்படி ஒண்ணு இல்லீங்கன்னு சொன்னேன். அப்புறம் மைதானம் கை மாறிச்சு. புது முதலாளி புஸ்தகத்தப் படிச்சிட்டுத்தான் இத வாங்கினாராம். வந்த அன்னிக்கே மரம் எங்கன்னாரு. இருந்ததே இல்லன்னு சொன்னா நம்பல. வெட்டிட்டு மறைக்கிறேன்னுட்டாரு."

"ஏன், அப்படி ஏன் நினைக்கணும்?" மச்சினன் கேட்டான்.

"நடுவுல மரம் இருந்தா புல் வெட்டற வண்டிய வளைச்சு வளைச்சு ஓட்டணும் தம்பி. அதுக்கு முந்தின வருஷம்தான் வேற எடத்துல ரெண்டு மரம் பட்டுப்போச்சு, எடுக்கணும்னு நானே எழுதிக் கேட்டிருந்தேன். பொருந்திப் போச்சு. ஆபீஸ்ல கூப்பிட்டு விசாரிச்சாங்க. புஸ்தகத்துல அச்சுல இருக்கு. என் பக்கம் என்ன இருக்கு, வாய்தான். வேலைய விட்டு எடுக்கல. பெரிய மனசு பண்ணி, ஒரு மரத்தக் கொண்டாந்து வைன்னாங்க. வச்சேன். வச்சதும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு. எங்க ஆளுங்க எனக்குக் கோடாலின்னு பேரு வச்சாங்க. மூஞ்சிக்கு நேரா அக்கான்னுதான் கூப்பிடுவாங்க."

வாத்தியார் பலகையைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தன் சப்பாத்தைப் பார்த்தார். அம்மாள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"வீட்டுக்காரர் ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டே கேட்டாரு. எங்கிட்டயாவது சொல்லு, நெஜமாவே வெட்டலயா? அன்னிக்குத்தான் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு சார். படிச்சவரு, இவ்வளவு தூரம் நடந்து வந்து பாத்து எழுதியிருக்காரு. பன்னெண்டு வருஷமா தெனம் இந்த வழியாப் போறவ நான். ஒரு மரம் இருந்திருந்தா எனக்குத் தெரியாமயா போகும்? மறுநாள் மண்வெட்டி எடுத்துட்டு வந்து இந்த மரத்துக்குப் பக்கத்துல தோண்டிப் பாத்தேன், பழைய வேர் ஏதாச்சும் கெடக்கான்னு. வால்வுதான் இருந்துச்சு."

அவர் எழுந்து, கையிலிருந்த சருகுகளைப் பையில் போட்டுக்கொண்டார். "வேற ஒண்ணும் இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க எங்க நின்னு அந்த மரத்தப் பாத்தீங்க? அந்த எடத்துல நானும் நின்னு ஒரு தடவ பாக்கணும்."

தூரத்திலிருந்து பார்த்தேன், வேறு குழியாக இருக்கலாம், வருஷமாகிவிட்டது, நினைவில்லை. பூசி மெழுகுவதற்கு நாலைந்து வழி வாத்தியாருக்குத் தெரிந்தது. பின்னட்டை வாசகமும் பதிப்பாளர் முகமும் கண்ணில் வந்து போயின. ஆனால் அந்த அம்மாள் கேட்ட கேள்வி வாத்தியாரே கேட்கக்கூடிய கேள்வி. எங்கே நின்று பார்த்தால் எது தெரியும் என்பது. முப்பது வருஷமாக அவர் அதைத்தான் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது. கன்னம் காது எல்லாம் சுட்டது.

"நான் பாக்கலம்மா" என்றார். "இங்க வரவே இல்ல. கால்ல கொப்புளம். பதினாலோட திரும்பிட்டேன். அறையில உக்காந்து மேப்பப் பாத்து எழுதினேன். பெரிய பச்சை வட்டம் போட்டிருந்துச்சு. மரம்னு நெனச்சிட்டேன்."

"மாமா" என்றான் மச்சினன், மெதுவாக.

அம்மாள் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"நடுவுல புள்ளி வச்ச வட்டமா?"

"ஆமா."

"அந்த மேப்ப வரைஞ்சு குடுத்தது நான்தான் சார். புது ஆளுங்க வால்வத் தேடி அலையக்கூடாதேன்னு பெருசாப் போட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. பாதியில் நின்றுவிட்டது. வாத்தியாருக்கு அவர் திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

"புதுப் பதிப்புல எல்லாத்தையும் எழுதிடறேன். தப்பு என்னோடதுன்னு பேர் போட்டு எழுதறேன். முதலாளிகிட்டயும் இப்பவே வந்து சொல்றேன்."

"புஸ்தகம் எப்ப வரும்?"

"எட்டு மாசம் ஆகும்."

"முதலாளி ஊர்ல இல்ல. வெள்ளிக்கிழமதான் வருவாரு." அம்மாள் யோசித்தார். "எழுதுங்க. எழுதணும். ஆனா எங்க ஆளுங்க புஸ்தகம் படிக்கறவங்க இல்ல சார்."

இடுப்பில் செருகியிருந்த வாக்கி டாக்கியை உருவி எடுத்து, ஒரு பொத்தானை அழுத்தினார். "எல்லாரும் வண்டிய நிறுத்துங்க. அக்காதான் பேசறேன். இங்க ஒருத்தர் உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணுமாம்." சொல்லிவிட்டு அதை வாத்தியார் கையில் வைத்து, எந்தப் பொத்தான் என்று காட்டினார்.

அதுவரை காதில் விழாமலே விழுந்துகொண்டிருந்த இரைச்சல் குறையத் தொடங்கியது. குளத்துக்கு அந்தப்புறம் ஒரு புல்வெட்டி அடங்கியது. மரங்களுக்குப் பின்னால் இன்னொன்று. கட்டடத்துப் பக்கமிருந்து மூன்றாவது. வாத்தியார் கட்டைவிரலைப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றார். வாழ்நாளில் எத்தனையோ வகுப்புக்கு முன்னால் நின்றவர்தான். பிறகு வாயைத் திறந்தார்.

அம்மாள் அவர் கையைத் தொட்டு நிறுத்தினார். தலையைச் சாய்த்து எங்கோ தூரத்தில் காதைக் கொடுத்திருந்தார்.

"இருங்க சார்" என்றார். "இன்னும் ஒரு வண்டி ஓடுது."