கைப்பிடிமேல் ஒரு வார்

வல்லிநாயகம் கத்தியை மேசைமேல் வைத்த விதத்தைப் பார்த்தால், அதை வைத்து இரண்டு புலியாவது அடித்திருப்பான் என்று தோன்றும். ஆன்லைனில் வாங்கி, முந்தாநாள்தான் பார்சல் வந்திருந்தது. நாலு அங்குல அலகு, மரக் கைப்பிடி. கைப்பிடியில் 'வல்லிநாயகம், தலைவர்' என்று தங்க நிறத்தில் பொறித்திருந்தது.

"ஏலே ரத்தினம், இதுகூட வந்த உறை லூசா இருக்கு. நடந்தா கத்தி கடகடன்னு ஆடுது. நீ நல்லதா ஒண்ணு தச்சிக் குடு."

"நீ எங்கலே நடக்கப் போற?"

"கழகம் தொடங்குதோம்லா. ஞாயித்துக்கெழம, குத்தாலத்துல."

தென்பொதிகைச் சாகச மலையேற்றக் கழகம். உறுப்பினர்கள் முப்பத்திரண்டு பேர், பதவிகள் இருபத்தெட்டு. காட்டுக்குள் போக அனுமதி வாங்க வேண்டும் என்பது பனியனுக்கு அளவு கொடுத்த பிறகுதான் செயற்குழுவுக்குத் தெரிந்தது. ஆகவே முதல் மலையேற்றத்தை ஒரு ரிசார்ட்டுக்குப் பின்னால் கிடக்கும் பாறையில் வைத்துக்கொண்டார்கள். பாறை பத்தடி உயரம். ஏறுவதற்குச் சிமெண்டுப் படி உண்டு.

"ஒன்னயப் பாதுகாப்புச் செயலாளரா போட்டுருக்கேன். மேடையிலயே சொல்லுவேன், இது என் கூட்டாளி தச்சதுன்னு. ஆறாங்கிளாஸ்ல இருந்து ஒண்ணா படிச்சவன்னு."

ரத்தினம் கத்தியை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். தென்காசி பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கம் அவனுக்குச் சீட் கவர் கடை. வல்லிநாயகம் டியூஷன் சென்டர் நடத்தி, நோட்டீஸ்களில் கல்வியாளர் ஆனவன். கடையில் தனியாக இருக்கும்போது தோளில் கை போடுவான். கல்யாண வீட்டில், நாலு பெரிய மனுஷர்கள் நடுவில் நிற்கும்போது புருவத்தை மட்டும் அரை அங்குலம் தூக்குவான். "அவனுக்கு ஆயிரம் சோலி" என்று ரத்தினம் வீட்டில் மனைவி ரூபியிடம் சமாதானம் சொல்லுவான். ரூபி பதில் சொல்ல மாட்டாள். அது அவனுக்கு இன்னும் உறுத்தும். ஊர் கூடிய இடத்தில் வல்லிநாயகம் வாயால் ஒருதரம் 'கூட்டாளி' என்று கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது.

இரண்டு வண்டிகளின் சீட் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு உறை வேலையில் உட்கார்ந்தான். தோலைத் தண்ணீரில் ஊறவைத்தான். கத்தியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி உள்ளே வைத்து, விளிம்பெல்லாம் கட்டை விரலால் அழுத்தி அழுத்தி உருவம் பிடிக்க வைத்தான். இரண்டு நாள் நிழலில் காய்ந்தது. அலகு நூலை அறுத்துவிடாமல் நடுவில் ஒரு தோல் பட்டை கொடுத்துத் தைத்தான். கடைசியாகக் கைப்பிடிக்குக் குறுக்கே ஒரு தோல் வார், நுனியில் அழுத்திப் பூட்டும் டிச் பட்டன். பட்டனைப் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி, தன் வெறும் பாதத்துக்கு மேலே உறையைத் தலைகீழாகப் பிடித்துப் பத்துத் தடவை உதறினான். சீட் கவர் கடைக்காரனுக்கு வேறு சோதனைக்கூடம் கிடையாது. கத்தி அசையவில்லை.

வாங்க வந்த வல்லிநாயகம் முகத்தைச் சுளித்தான். "வாரு குறுக்க வருதே. பேரு தெரியுது, தலைவர் மறையுது."

"நடக்கதுக்குத் தோலே பிடிச்சிக்கிடும். குனிஞ்சா, குதிச்சா வாருதாம்லே பிடிக்கணும். பட்டன் டிக்குன்னு சத்தம் கேட்டாத்தான் பூட்டுனதா அர்த்தம், கேட்டியா?"

"சரி சரி, விடு."

ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் சாரல் பிடித்துக்கொண்டது. சாகசக்காரர்கள் குடைக்கடியில் நின்றார்கள். பிளெக்ஸில் ஆளுயர வல்லிநாயகம், இடுப்பில் கத்தியோடு தூரத்தை நோக்கினான். கீழே இருபத்தெட்டுப் பதவிகள். ரத்தினம் தன் பேரைத் தேடிக் கண்டுபிடித்துக் கைப்பேசியில் படம் எடுத்து ரூபிக்கு அனுப்பினான்.

சிறப்பு விருந்தினர் ஓர் ஓய்வுபெற்ற அதிகாரி. எந்தத் துறை என்பதில் மேடையிலேயே இரண்டு கருத்து இருந்தது. ஓய்வுபெற்றது மட்டும் நிச்சயம். தலைவர் சிமெண்டுப் படி வழியாகப் பாறையை வென்று, கைதட்டலுக்கு நடுவே மேடைக்கு இறங்கி வந்தார். வந்த வேகத்தில் விருந்தினர் காலில் விழுந்தார். இடுப்பு மேலே, தலை கீழே. கத்தி உறையிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்து விருந்தினரின் ஷூ முனையில் குத்திட்டு நின்றது.

ஷூ ஒரு சைஸ் பெரியது என்பதால் விரல் தப்பியது. விருந்தினர் அலறிய அலறலில் அவர் எந்தத் துறையிலும் துணிச்சலுக்குப் பேர்போனவர் இல்லை என்பது தெளிவானது.

கூட்டம் எழுந்து நின்றது. வல்லிநாயகம் ஒலிபெருக்கியைப் பிடித்தான். ரத்தினம் முதல் வரிசையில் இருந்தபடி, அவன் எதையாவது சொல்லிச் சிரிப்பாக்கிவிடுவான் என்று பார்த்தான்.

"பெரியோர்களே, பதற வேண்டாம். உறை தைத்தவரின் கவனக்குறைவு. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சீட் கவர் தைக்கிறவர். பாவம், ஏழைத் தொழிலாளி என்று நம்பிக் கொடுத்தேன். அது என் தவறுதான்."

பெருந்தன்மைக்குக் கை தட்டினார்கள்.

வல்லிநாயகம் இறங்கியதும் ரத்தினம் மேடைக்குப் பின்னால் போனான். வல்லிநாயகத்தின் இடுப்பில் உறை தொங்கியது. வார் இருந்த இடத்தில் வார் இல்லை. தையல் விட்டிருந்தால் நூல் தொங்கும். இது தோலை ஒட்டி, நறுக்கென்று, கூரான அலகால் அறுத்தது.

"நீதானே அறுத்த?"

"மெதுவாப் பேசுலே. பிளெக்ஸுக்கு போட்டோ எடுக்கையில தலைவர் தெரியல. எடுத்துட்டேன்."

"அத மைக்குல சொல்லுததுக்கு என்ன?"

"நானே அறுத்தேன்னு சொன்னா கழகத்துக்கு என்ன மரியாத இருக்கும்? நீ கடைக்காரன், நாலு நாள்ல மறந்துருவாங்க. கூட்டாளிக்காக இதுகூடச் செய்யமாட்டியா?"

அந்த வார்த்தை ஒருவழியாக வந்துவிட்டது. ஜெனரேட்டர் சத்தத்தில் இவனைத் தவிர யாருக்கும் கேட்டிருக்காது.

ரத்தினம் அவன் பெல்டிலிருந்து உறையை உருவிக்கொண்டு மேடை ஏறி, விருந்தினரிடம் நீட்டினான். "அய்யா, இதப் பாருங்க. இது பிஞ்சது இல்ல, அறுத்தது."

விருந்தினர் பார்த்தார். சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள். பொருளாளர் பார்த்துவிட்டு வல்லிநாயகத்தைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்பது ரத்தினத்துக்குத் தெரிந்தது.

"தம்பி, விடுங்க" என்றார் விருந்தினர். "பிரியாணி ஆறுதுன்னு சொன்னாங்களே?"

மற்ற முப்பத்தொரு சாகசக்காரர்களும் அன்றைய தினத்தில் முதல்முறையாக வேகமாக நடந்தார்கள்.

ரத்தினம் சாப்பிடாமல், கையிலிருந்த உறையோடு பஸ் ஏறினான். வீட்டில் ரூபி கதவைத் திறந்ததும், "படம் வந்துச்சி, பேரு நல்லா பெருசாத்தான் போட்டுருக்காங்க. கூட்டாளின்னு சொன்னாகளா?" என்று கேட்டாள்.

"சீட் கவர் தைக்கிறவர்னு சொன்னான்."

ரூபி தட்டை எடுத்து வைத்தாள். இரண்டாவது வாய் எடுக்கும்போது போன் அடித்தது. வல்லிநாயகம்.

"ஏலே, சாப்பிடாமப் போயிட்டியாமே. கோவமா? அத விடு. அடுத்த மாசம் பாபநாசத்துல நிகழ்ச்சி. அந்த வார மட்டும் புதுசா வச்சிக் குடுத்துரு. ஆனா தலைவர் தெரியணும், கொஞ்சம் கீழ தள்ளி வையி."

ரத்தினம் வாயிலிருந்ததை மென்று விழுங்கினான். கடைக்கு வரும் முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற குரல் அவனுக்குத் தானாகவே வந்தது.

"கடை ஒம்பதரைக்குத் தொறக்கும், அண்ணாச்சி. கத்திய நீங்க கொண்டு வரணும். வாரு எங்க வரணும்னு கையெழுத்துப் போட்டு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துருங்க. அதுபடி தச்சித் தாரேன்."

"ஹலோ, யாரு பேசுதது? ரத்தினம் இல்லியா?"

"கடைக்காரர்தான் பேசுதேன் அண்ணாச்சி" என்றான் ரத்தினம்.