ஆர்வல் இழுத்த வார்

ஐடெல்லா எச்செவரியாவின் சேணக்கடையில், வாளித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த பச்சைத்தோல் வாரை ஆர்வல் டென்ஸ்லோவின் நாய் தின்றுவிட்டது. இருவரும் காப்பியும் கையுமாக மழையைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள், மிச்சம் ஒரு முழம்தான் அதன் வாயில் தொங்கியது.

ஆர்வல், நெவாடாவில் எங்கள் பக்கத்து மாட்டுப்பண்ணைக்காரர். ஐடெல்லாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். பாம்புக்காக அவர் இடுப்பில் வைத்திருக்கும் துப்பாக்கி, உறையின் நூல் தையல் விட்டு ஓடையில் விழுந்திருந்தது. புது உறையைப் பழைய முறைப்படி வாரால் பின்னித் தரச் சொல்லியிருந்தார். இரண்டு நாளில் மந்தையை மலைக்கு ஓட்டியாக வேண்டும்.

“உன் நாய்க்கு வீட்டுல தீனியே போடுறதில்லையா?”

“காலையிலதான் வயிறு முட்டத் தின்னுச்சு. நீ வாளியைத் தரையில வச்சா அது சும்மாவா இருக்கும்?”

“ஓ, தப்பு என் மேலயா? சட்டைக் கையை மடி. வந்து இழு.”

வட்டமாக நறுக்கிய ஈரத்தோலின் விளிம்பை, மேசையில் செங்குத்தாகக் குத்திய கத்திக்கு அவள் ஊட்ட, ஆர்வல் மறுபக்கம் வாரைப் பிடித்து இழுத்தார். ஆப்பிள் தோல் சீவுவதுபோல், தட்டு போன்ற அந்தத் தோல் சுழன்று வாராக நீண்டது.

“மெதுவாய்யா! கன்னுக்குட்டியையா கட்டி இழுக்குற?”

இரண்டு முறை அறுந்தது. மூன்றாவது தட்டில் கை படிந்துவிட்டது. நடுவில் ஓரிடம் மட்டும் கொஞ்சம் தடித்துப்போனது. அந்த வாரை ஐடெல்லா புது உறையின் ஓரத்தில் துளை துளையாக நுழைத்து, விளிம்பின் மேல் குறுக்கிட்டுப் பின்னி, உள்ளே துப்பாக்கி வடிவ மரக்கட்டையைச் செருகிக் காயவைத்தாள்.

மறுநாள் மதியம் வார் எலும்புபோல் இறுகியிருந்தது. தடித்த இடத்தைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை.

“இந்த ஒரு பக்கத்தைப் பிரிச்சு வேற போட்டுத் தர்றேன்.”

“கை வச்சே, பாரு! அது நான் இழுத்தது.”

மந்தையோடு போனவர்களிடமெல்லாம் ஆர்வல் அந்த உறையைக் காட்டி, தானே செய்ததாகச் சொல்லிவிட்டார். இலையுதிர் காலத்தில் மூன்று பேர் கடைக்கு வந்து, “ஆர்வல் செஞ்ச மாதிரியே ஒண்ணு வேணும்” என்று கேட்டார்கள். ஐடெல்லா சிரிப்பை அடக்கிக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள்.

“ஆசாரியே, ஆர்டர் வந்திருக்கு. வேலைக்கு வந்து சேரு.”

அரை மணி நேரத்தில் அவருடைய வண்டி வாசலில் நின்றது.