நாலாவது போன்

என் பொண்ணு இனியாவோட ஆபீஸ்ல வேலை செய்யற பூஜா, சென்னையிலேருந்து வந்து பையை வெச்சதும் கேட்டது வைஃபை பாஸ்வேர்டுதான். காபி வேணுமான்னு நான் கேட்டது அவ காதுல ஏறவே இல்ல. பத்து மணிக்கு மீட்டிங்காம். இனியாவுக்கு பூஜா வந்த பஸ்ல சீட்டு கிடைக்கல. பின்னாடி பஸ்ல வந்து, பத்தேகாலுக்கு ஆட்டோல வீட்டுக்கு வந்துடறேன்னு சொல்லியிருந்தா.

பாஸ்வேர்டு மோடம் மேலயே மார்க்கர்ல எழுதியிருக்கும். என் புருஷன் குமரேசன் எழுதினது. ஆள் போய் மூணு வருஷம் ஆகுது. மாத்தறதுக்கு எனக்கென்ன தெரியும்? அப்படியே விட்டுட்டேன்.

போனான்னா செத்துப் போகல. என் இடது கையை உடைச்சான். இனியா போலீஸ்ல எழுதிக் குடுத்தா. அன்னிக்கே ஓடிட்டான். ஓடறப்ப கேட் கிட்ட நின்னு, "வருவேன் தேவி. வந்தது உங்களுக்கே தெரியாது. எழுதிக் குடுத்தாளே, அவ கைய வெட்டாம விடமாட்டேன்"னு சொல்லிட்டுப் போனான். எல்லாருக்கும் நான் அருணா. தேவின்னு கூப்பிட்டது அவன் ஒருத்தன்தான். அன்னிலேருந்து கேட் சத்தம் கேட்டாலே ஓடிப் போய்த் தாழ்ப்பாள் போட்டுடுவேன். யாராச்சும் கேட்டா காசிக்குப் போயிட்டாருன்னு சொல்லி வெச்சிருக்கேன். இந்த ஊர்ல அதை யாரும் அதிசயமா பாக்க மாட்டாங்க.

எங்க வீடு அடி அண்ணாமலைல, கிரிவலப் பாதை மேலயே இருக்கு. காம்பவுண்டை ஒட்டி வேப்பமரத்தடியில பத்துப் பன்னெண்டு சாமியாருங்க உக்காந்திருப்பாங்க. தினம் காலையில ஆளுக்கு நாலு இட்லி போடறேன். அவன் திரும்பி வரவே கூடாதுன்னு அண்ணாமலையாருக்கு வேண்டிக்கிட்டது அது. போடறப்ப யார் மூஞ்சியும் பாக்க மாட்டேன். குடுக்கறோம்ங்கற கர்வம் வந்துடக் கூடாதுன்னு தலையைக் குனிஞ்சு தட்டை மட்டும்தான் பாப்பேன். ஆறு மாசமா ஒரு மௌனசாமி வந்து உக்கார்றார். வாயே தொறக்க மாட்டார். ரெண்டு விரலைக் காட்டுவார், சட்னி ஜாஸ்தி வெப்பேன். அன்னிக்கும் வெச்சேன்.

பூஜா லேப்டாப்ல என்னென்னவோ தட்டினா. பாஸ்வேர்டு சரி, ஆனா உள்ள விட மாட்டேங்குது. என் போனை வாங்கி மோடத்துக்குள்ளயே போய்ப் பாத்தா.

"ஆன்ட்டி, நாலு பேருக்கு மேல சேரக் கூடாதுன்னு இதுல போட்டு வெச்சிருக்காங்க. நாலும் ஃபுல்லு."

அது குமரேசன் புத்தி. பக்கத்து வீட்டுக்காரன் ஒட்டிக்கிடுவான்னு அவனுக்கு எப்பவும் சந்தேகம்.

"வீட்ல நாலு ஏதும்மா?"ன்னேன். "என் போனு, டிவி, இனியாவோட பழைய டேப்பு. அவ்ளோதான்."

"நாலாவதா ஒரு போன் இருக்கே. குமரேசன்னு பேர் காட்டுது. யாரு ஆன்ட்டி?"

கையில இருந்த டம்ளரை மேசை மேல வெச்சேன். வெக்காம இருந்திருந்தா கீழ விழுந்திருக்கும். "பழசா இருக்கும். அழிக்காம விட்டிருப்பாங்க."

"இல்ல ஆன்ட்டி, இப்ப ஓடிட்டிருக்கு. சிக்னலைப் பாத்தா ரொம்பப் பக்கத்துல இருக்காங்க."

ஜன்னல் திரையை ஒரு விரக்கடை விலக்கிப் பாத்தேன். மரத்தடி முழுக்கத் தாடியும் காவியுமா இருந்துச்சு. எவனைப் பாத்தாலும் அவனாவே தெரிஞ்சுது. கேட்டை ஒட்டி மௌனசாமி தலையில துண்டைப் போட்டுக் குனிஞ்சு உக்காந்திருந்தார். துண்டுக்கு உள்ள மூஞ்சியில போன் வெளிச்சம். சட்னி ரெண்டு தடவை இல்லன்னா குமரேசனுக்கு இட்லி எறங்காது. அடப்பாவி, ஆறு மாசமா என் கையாலயே தின்னிருக்கான். யாரு வரா, யாரு போறான்னு பாத்துட்டே தின்னிருக்கான். இனியா இங்க வந்தே ஏழெட்டு மாசம் ஆச்சு, அவளுக்காகத்தான் காத்திருக்கான். மணி பத்தாகப் பத்து நிமிஷம். இப்பவே அவளுக்குப் போன் பண்ணி வராதன்னு சொல்லணும், சத்தமில்லாம போலீஸுக்கும் சொல்லணும். எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு மட்டும் அவனுக்குத் தெரியவே கூடாது.

"பூஜா, எதையும் தொடாத"ன்னேன். குரல் எனக்கே கேக்கல.

"யாரோ ஓசில ஓட்டறாங்க ஆன்ட்டி. தூக்கிட்டேன். எனக்கு வந்துடுச்சு, தேங்க்ஸ்."

வெளிய ஒரு இருமல். அப்புறம், ஏதோ சாப்பாட்டுக்கு அப்பளம் கேக்கற மாதிரி சாவகாசமா, அந்தக் குரல்.

"தேவி, நெட்டு போயிடுச்சு பாரு."

ஓடிப் போய்க் கதவுக்கு மேல் தாழும் கீழ் தாழும் போட்டேன். பூஜா கிட்டேருந்து போனைப் பிடுங்கி இனியா நம்பரைத் தேடறேன், எழுத்தே தெரியல. அப்பதான் வாசல்ல ஆட்டோ வந்து நின்ன சத்தம் கேட்டுது. பாவி மக, சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டா.

போனைத் திரும்பவும் பூஜா கையில திணிச்சேன். "நூறுக்கு அடி கண்ணு, சீக்கிரம் அடி."

மூணு வருஷமா தாழ்ப்பாள் போடறதைத் தவிர நான் எதுவும் செஞ்சதில்ல. அன்னிக்கு ரெண்டையும் நானே தொறந்துட்டு ஓடினேன். ஆட்டோலேருந்து எறங்கினவளை இழுத்து என் முதுகுக்குப் பின்னாடி தள்ளிட்டு, அந்த மௌனசாமியோட மூஞ்சியை மொத தடவையா நிமிந்து பாத்தேன்.