ஒஸ்டினில் பிடிப்பது எது?

அந்த ஞாயிறு பிற்பகல் மடவளையில், மஹ்மூத் வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள் இவர்கள். வீட்டுக்காரர் மஹ்மூத், தன் ஃபோக்ஸ்வேகனின் மட்காட்டில். அதன் கூரையை வெட்டி எடுத்துவிட்டுத் துணிக்கூரை போட்டவர் அவர். புடவைக் கடைக்காரர் என்பதால் தையலும் சொந்தத் தையல். கலகெதரயில் கடை வைத்திருக்கும் வீரய்யா, ஒரு பழைய டயரின் மேல். தரையோடு தரையாகப் பதிந்து, பக்கவாட்டில் செம்மஞ்சள் நெருப்பு வரையப்பட்ட அவனுடைய மொரிஸ் மைனர் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றது. பொன்னுத்துரை, தன் ஒஸ்டின் ஏ40இன் பின் சீட்டைக் கழற்றி நிலத்தில் போட்டு, அதன்மேல். அவருடைய மனைவி பாலாம்பிகை, அதே ஒஸ்டினின் முன் சீட்டில், ஆனால் எங்களைப் பார்த்தபடி, கால் இரண்டையும் வெளியே ஒரு செங்கல்லில் ஊன்றிக்கொண்டு. மஹ்மூதின் மனைவி ருக்கியா, சோறாக்கும் குசினியின் வாசற்படியில். நான் மேசைக்கு முன்னால், கதிரையில். எனக்குக் கார் இல்லை, நல்ல கையெழுத்து இருக்கிறது. ஆகவே மாற்றிக் கட்டிய கார்க்காரர் சங்கத்துக்கு நான் செயலாளர்.

பாலாம்பிகைக்கு இடுப்பு முழுதாக மடங்காது. குனிந்து காருக்குள் நுழைய முடியாது, பஸ் படியில் ஏறவும் முடியாது. அதற்காகப் பொன்னுத்துரை கண்டியில் மூடப்பட்ட ஒரு சலூனிலிருந்து முடிவெட்டும் கதிரையின் சுழல்தண்டை வாங்கி, முன் சீட்டுக்கு அடியில் பொருத்தியிருந்தார். சீட்டு கார் வாசலைப் பார்த்துத் திரும்பும், பாலாம்பிகை அதில் உட்காருவார், பொன்னுத்துரை அதைத் தள்ளி முன்பக்கம் திருப்புவார். கடுகண்ணாவை மலைப்பாதை ஏற்றத்துக்காக நிஸான் எஞ்சினும் போட்டிருந்தார்.

கூட்டம் கூடியது ஒரு கடிதத்துக்காக. யாழ்ப்பாணப் பாதை திறந்து ஒரு வருடமாகியிருந்தது. சித்திரை விடுமுறையில் பழைய கார்களும் மாற்றிக் கட்டிய கார்களுமாக ஓர் அணி கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போவதாகக் கொழும்பில் சிலர் ஏற்பாடு செய்திருந்தார்கள். பின்னால் ஒரு லொறியில் மெக்கானிக்குகளும் வருவார்கள். பாலாம்பிகையின் அக்கா நெல்லியடியில் இருக்கிறார். சண்டைக் காலம் முழுவதும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இப்போது அக்காவுக்குக் கண் மங்கிவருவதாகச் செய்தி. தனியே அந்தப் பழைய காரில் போக அவர்களின் மகன் சம்மதிக்கவில்லை. "லொறி பின்னால வந்தா மட்டும் போங்கோ" என்று சொல்லிவிட்டான். மூன்று காருக்கும் விண்ணப்பித்தோம். மஹ்மூதுக்கும் வீரய்யாவுக்கும் இடம் கிடைத்தது. பொன்னுத்துரைக்கு வந்த கடிதத்தை நான் வாசித்தேன்.

"தங்கள் பதிலின்படி, ஏற்றத்தில் கை பிரேக் பிடிக்காத வண்டியை அணியில் சேர்த்துக்கொள்ள இயலாது என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறோம்."

"கை பிரேக்கப் பத்தி அவங்களுக்கு யாரு சொன்னா?" என்றான் வீரய்யா.

"நான்தான்" என்றார் பொன்னுத்துரை. "வண்டியில் மிகவும் பிடிப்பது எது, பிடிக்காதது எது எண்டு விண்ணப்பத்திலை கேட்டவை. உள்ளதை எழுதினனான். கிளச் நல்லாப் பிடிக்கும், கால் பிரேக் நல்லாப் பிடிக்கும், கை பிரேக் ஏற்றத்திலை பிடிக்காது."

மஹ்மூத் மட்காட்டிலிருந்து இறங்கிவிட்டார். "அண்ணன், நான் சத்தம் எண்டு எழுதினேன். பின்னுக்கு எஞ்சின் ஈக்கிதானே, அந்தச் சத்தம்."

"சத்தம் எப்பிடி ஐசே பிடிக்கும்?"

"நான் நெருப்புன்னு எழுதினேண்ணே" என்றான் வீரய்யா.

"என்னது? 'என்ரை வண்டி நெருப்புப் பிடிக்கும்' எண்டு எழுதின உனக்கு இடம் தந்தவை, கை பிரேக்குக்கு என்னை விட்டிட்டினமோ?"

ருக்கியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். வீரய்யா டயரிலிருந்து சரிந்தே விட்டான்.

"அண்ணே, மனசுக்குப் புடிக்கிறதண்ணே! அந்த நெருப்புப் படத்தத்தான் எனக்குப் புடிக்கும். பயணத்தப் பத்திச் சின்னப் புத்தகம் ஒண்ணு போடுறாங்களாம், அதுல காருப் படத்துக்குக் கீழ போடக் கேட்டிருக்காங்க."

"அப்ப விருப்பமானது எது எண்டல்லோ கேட்டிருக்க வேணும்!"

குற்றம் அவருடையதென்று நான் சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்தார் வாயில் மனசுக்குப் பிடித்ததைக் குறிக்கும் சொல் பெரும்பாலும் விருப்பம்தான். காரைப் பற்றிய கேள்வியில் பிடிக்குமா என்ற சொல் வந்தால், அவருடைய கால் தானாகப் பிரேக்கைத் தேடும்.

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது பாலாம்பிகை சிரிக்கவில்லை. "அப்ப நாங்கள் போறேல்லையோ?" என்று கேட்டார். பொன்னுத்துரை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஏன் போகாம?" என்று வீரய்யா எழுந்தான். "கை பிரேக்கு என்ன பெரிய கை பிரேக்கு. மஹ்மூத் நானா, ஜாக் இருக்கா?"

மொரிஸுக்கென்று வாங்கி அதிலேயே வைத்திருந்த புதுக் கை பிரேக் கேபிளை அவன் கொண்டுவந்தான். பாலாம்பிகையை ருக்கியாவும் நானும் கைத்தாங்கலாக வாசற்படிக்குக் கூட்டிப்போனோம். வீரய்யா காருக்கு அடியில் போனான். கேபிள் சற்று நீளம். அதை மடக்கிக் கிளிப் போட்டான். பொன்னுத்துரை குனிந்து, "இறுக்கு, இன்னும் இறுக்கு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் இறுக்கிறதா, நீங்க இறுக்கிறதா?"

"நீ இறுக்கு. நான் சொல்லுறன்."

வேலை முடிந்ததும் பள்ளிவாசல் பக்கம் ஏறும் சரிவில் ஒஸ்டினைக் கொண்டுபோய் நிறுத்தி, கை பிரேக்கை இழுத்துவிட்டுப் பொன்னுத்துரை இறங்கினார். மஹ்மூதும் வீரய்யாவும் முன்னாலிருந்து பள்ளத்துப் பக்கமாகத் தள்ளினார்கள். கார் அசையவில்லை. மஹ்மூதின் செருப்புத்தான் வழுக்கியது.

"மாஷா அல்லாஹ், புடிச்சிட்டுது!" என்றார் மஹ்மூத்.

"இப்ப இதுதான் பிடிக்கும்" என்றார் பொன்னுத்துரை. அவர் பகிடி விட்டாரா, உண்மையாகவே சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை.

மேசைக்குத் திரும்பினோம். நான் தாளை எடுத்து, கொழும்புக்காரருக்கு மறுகடிதம் தொடங்கி, கை பிரேக்கைப் பற்றிய பந்தியை எழுதி முடித்தேன். மஹ்மூதும் வீரய்யாவும் நேரில் கண்டதாகக் கீழே கையெழுத்து வைக்க ஒப்புக்கொண்டார்கள். அடுத்தது அந்தக் கேள்வி.

"இப்ப சொல்லுங்க அண்ணே" என்றேன். "ஒஸ்டினில் உங்களுக்கு எது விருப்பம்?"

"எஞ்சின்."

"அது நிஸான் எஞ்சினுண்ணே" என்றான் வீரய்யா. "ஒஸ்டின்ல எது?"

"அந்தச் சீட்டைச் சொல்லுங்க அண்ணன்" என்றார் மஹ்மூத். "சலூன் சீட்டு ஊருல வேற யாருக்கு ஈக்கி?"

"சீட்டு தேவைக்குச் செய்தது. விருப்பத்துக்கோ செய்தனான்?" அவர் கொஞ்ச நேரம் பின் சீட்டின் கிழிந்த ஓரத்தைத் தடவினார். பிறகு, வாசற்படியைப் பார்க்காமலே சொன்னார். "இவ இதிலை நித்திரை கொள்ளுவா."

அவரே தொடர்ந்தார்.

"வீட்டிலை இவவுக்கு நித்திரை இல்லை. இந்தப் பக்கம் புரண்டாலும் நோகும், அந்தப் பக்கம் புரண்டாலும் நோகும். காரிலை ஏத்திக்கொண்டு கடுகண்ணாவைப் பக்கம் போனால், ஏற்றம் முடியிறதுக்குள்ளை நித்திரை. பிறகு நான் வீட்டு வாசலுக்கு வந்தாலும் நிப்பாட்டிறேல்லை. நிப்பாட்டினால் எழும்பிவிடுவா. அப்பிடியே கட்டுகஸ்தோட்டை, கலகெதர எண்டு போவன். ஒருநாள் குருநாகலுக்கே போயிட்டன்."

"அதான் எங்க கடைப்பக்கம் சும்மா சும்மா போனீங்களா?" என்றான் வீரய்யா. "கையக் காட்டினா ஹோர்ன் கூட அடிக்க மாட்டீங்க. பெரிய மனுசருக்குத் தலைக்கனம்னு நெனச்சேன்."

"ஹோர்ன் அடிச்சால் எழும்பிவிடுவா எண்டுதான் அடிக்கேல்லை."

"நான் எங்க நித்திரை கொண்டனான்?" என்றார் பாலாம்பிகை. "கண்ணை மூடிக்கொண்டு இருந்தனான்."

"குறட்டையும் கண்ணை மூடிக்கொண்டு விட்டனீரோ?"

"இஞ்சருங்கோ!" பாலாம்பிகைக்கு முகம் சிவந்துவிட்டது. "குருநாகல் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பேசாமல் இருந்தனான். எழும்பினால் நீங்கள் திருப்பிவிடுவியள்."

பொன்னுத்துரை அப்போதுதான் வாசற்படிப் பக்கம் திரும்பினார். பாலாம்பிகையை அக்கா முறையில் தாத்தா என்று கூப்பிடும் ருக்கியா, அவர் கையில் பிளேன்டீயை வைத்துவிட்டு, "நெல்லியடிக்கும் கண்ண மூடிக்கிட்டே போங்க தாத்தா, அங்க போய்த் தொறங்க" என்றார்.

நான் எழுதினேன். 'தங்கள் முதற் கேள்வியை உரிமையாளர் வண்டியின் பாகங்களைப் பற்றியதெனக் கருதிப் பதிலளித்துவிட்டார். இப்போது சரியான பதிலைத் தருகிறோம். இந்த ஒஸ்டினில் திரு. பொன்னுத்துரை மிகவும் விரும்புவது, ஓடும்போது அவருடைய மனைவிக்கு அதில் நித்திரை வருவது.' வாசித்துக் காட்டினேன். கடிதத்தில் குறட்டை இல்லை என்பதைப் பாலாம்பிகை இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். நெல்லியடி அக்காவைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

மஹ்மூத் கையெழுத்து வைக்கப் பேனையை வாங்கியவர், "இதையும் போடுங்க" என்றார். "ஒஸ்டினுக்கு அணியில எடம் இல்லாட்டி ஃபோக்ஸ்வேகனுக்கும் வேணாம். நாங்க தனியாப் போவோம். லொறிக்குப் பதிலா வீரய்யா ஈக்கிறான்."

"என்னைய லொறியாக்கிட்டீங்களே நானா" என்று சொல்லிக்கொண்டே வீரய்யாவும் கையெழுத்து வைத்தான். பொன்னுத்துரை எழுந்து போய், கழற்றி வைத்த பின் சீட்டை ஒஸ்டினுக்குள் பொருத்தத் தொடங்கினார்.

தாளை மூன்றாக மடித்து உறையில் வைத்தேன். உறையின் பசை ஒட்டவில்லை. ருக்கியா சோற்றுப் பருக்கை கொண்டுவந்தார்; மசித்துத் தடவி, ஓரத்தை நகத்தால் அழுத்தினேன். முத்திரை ஒட்டி, முகவரியை எழுதினேன்.

"ஞாயிற்றுக்கிழமை தபால் எடுக்க மாட்டாங்க" என்றான் வீரய்யா.

"பரவாயில்லை" என்றார் பாலாம்பிகை. "பெட்டிக்குள்ளை கிடக்கட்டும். நாளைக்கு முதல் கடிதமாய்ப் போகட்டும்."

மடவளைக் கடைத்தெருவுக்கு நடந்து போய், தபால் பெட்டியின் வாயில் உறையை வைத்து, உள்ளே தள்ளிவிட்டேன்.