ஏழு நாற்காலிகளும் ஒரு காலி இடமும்

"கழுவுறதுக்கு வெளியூர்க் கம்பெனியைத்தான் கூப்பிடணும். உங்களால முடியாது" என்று வாஷிங்டனிலிருந்து வந்த ஹால்வர்சன் காபியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பென்சில்வேனியாவில் இந்தக் கார்வர் ஊர்த் தெருக்களைப் பதினெட்டு வருஷமாகக் கூட்டுகிறவள் நான்.

யாராவது படுபாவி கதிரியக்கப் பொடியை வெடிவைத்து ஊருக்குள் தூவிவிட்டால் முதல் நாள் என்ன செய்வதென்று தீயணைப்புக்காரர்களுக்குத் தெரியும். அப்புறம் தெருவைக் கழுவி ஜனங்களைத் திரும்பக் குடியேற்றுவது யார்? அரசாங்கத் திட்டத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. அங்கே எங்கள் ஊர்த் துப்புரவுக் குழுவின் பேரை எழுத வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். இன்றைய ஒத்திகையில் தேறினால் எழுதுவார்கள். இல்லாவிட்டால் எங்கள் தெருவை எவனோ கழுவுவான், நாங்கள் வேடிக்கை பார்ப்போம்.

கதிரியக்கத்துக்குப் பதிலாக க்ரோவ் தெருவில் வேறொரு பொடியைத் தூவியிருந்தார்கள். ஊதா விளக்கடித்தால்தான் பச்சையாக மின்னும். குடியிருப்பவர்களைத் தெருமுனைச் சர்ச்சில் உட்காரவைத்து டோனட் கொடுத்தார்கள். நாங்கள் ஆறு பேர் முகமூடியோடு ஐந்து மணி நேரம் தேய்த்தோம். கழுவிய தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சாக்கடைக்குப் போகவில்லை.

ஹால்வர்சன் கறுப்புத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு விளக்கோடு தவழ்ந்தார். "சுத்தம்... சுத்தம்..." என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பிறகு நின்றுபோனது.

"மிஸ் ப்ரெஸ்கோ, இங்க வாங்க."

தெருவோரம் ஏழு நாற்காலிகள். ஏழுக்கும் அடியில் பச்சை.

"இதை ஏன் நகர்த்தல?"

"அது இந்தத் தெரு வாசிக்கோட நாற்காலி சார்" என்றான் லாமாண்ட், என் லாரி ஓட்டுநர். அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும் என்பது போலப் பார்த்தான்.

பனி கொட்டினால் கார் நிறுத்த அவரவர் முதுகொடியத் தோண்டி இடம் எடுத்து, ஒரு பழைய சமையலறை நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவோம். திரும்பி வரும்வரை அது அவர் இடம். எவனும் தொடமாட்டான். பனி உருகி ஒரு வாரம் ஆகியும் எங்கள் கை தானாகவே அதைச் சுற்றிப் போயிருக்கிறது. ஆறு பேரில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

"தெருவுல கிடக்கிறதெல்லாம் கழிவு. டிரம்முல போடணும்" என்று ஹால்வர்சன் பேனாவைத் திறந்தார்.

"பேனாவை மூடுங்க சார். ஒத்திகை முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. தப்பு என்னோடது, நானே சரி பண்றேன்."

ஒவ்வொரு காலுக்கும் சாக்பீஸில் குறி போட்டேன். தூக்கினோம். தரையைத் தேய்த்து, நாற்காலியையும் கழுவி, குறி பிசகாமல் திரும்ப வைத்தோம்.

"குப்பை நாற்காலிக்கா இவ்வளவு மரியாதை?"

"பொறந்த ஊரு எது சார் உங்களுக்கு?"

"அரிசோனா."

"அதான். பாலைவனத்துல பனி ஏது?"

விளக்கில் இந்த முறை எதுவும் மின்னவில்லை. கடைசியாக ஹால்வர்சன் என்னையும் கூட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போய், அளவு இவ்வளவுதான், ஆபத்தில்லை, நிஜமாக நடந்திருந்தால் திரும்பி வருவீர்களா என்று கேட்டார்.

"புகை ஒண்ணும் பண்ணாதுன்னு நம்ம ஊர் மில்லுக்காரனும் இப்படித்தான் நம்பர் சொன்னான்" என்றாள் கடைசி வீட்டுத் தியோடோரா.

"எல்லா ஊர்லயும் இந்தக் கேள்வியிலதான் தோக்குறோம்" என்று ஹால்வர்சன் என்னிடம் முணுமுணுத்தார். அப்போதுதான் அந்த மனுஷன் மேல் எனக்கு இரக்கம் வந்தது.

வாசிக் எழுந்து வாசலுக்குப் போய் எட்டிப்பார்த்தார். மில்லில் முப்பது வருஷம் உழைத்த மனிதர், எதையும் நம்பாதவர்.

"என் நாற்காலி இருக்கே."

"தூக்குனாங்களா?" என்றாள் தியோடோரா.

"தூக்கிக் கழுவியிருக்காங்க. பெயிண்டுக் கறையைக்கூடக் காணோம். ஆனா வெச்ச இடத்துலயே இருக்கு."

நடந்து போய் அதில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "அரை அங்குலம் தள்ளி வெச்சிருக்கே, ப்ரெஸ்கோ" என்றார்.

"அளந்து பாருங்க."

அவர் அளக்கவில்லை. காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார். பின்னாலேயே தியோடோரா வந்தாள், மற்றவர்களும் வந்து அவரவர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். இப்படி ஒன்று ஒத்திகைத் தாளில் எங்குமே இல்லை.

ஹால்வர்சன் அந்தக் காலி இடத்தில் எங்கள் குழுவின் பேரை எழுதி என்னிடம் நீட்டினார். இரண்டு தடவை படித்தேன். எல்லோரும் முகமூடியைக் கழற்றினார்கள், நான் மட்டும் கழற்றவில்லை. நான் அழுவதை லாமாண்ட் பார்த்தால் ரிட்டயர் ஆகும்வரை சொல்லிக் காட்டுவான்.