தலைமாட்டில் உட்கார்ந்தவள்

கலோலைனே குனிந்து அடுப்புக் கல்லைப் புரட்டியபோது, இடுப்பில் சுற்றியிருந்த கிழிந்த பாயின் ஓரத்தில் ஒரு பொறி விழுந்தது. தம்பி விலியாமி அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, சுரண்டிக் கழுவி வைத்திருந்த பன்றியிடம் சொன்னான்.

"சிலபேருக்குப் பாய் பத்திக்கிட்டிருக்கு. சொன்னா கோவம் வரும். நமக்கென்ன வந்தது?"

கலோ பொறியைக் கையால் தட்டி அணைத்தாள். அவளும் பன்றியிடமே பேசினாள்.

"ஆக்லாந்துல மாடி மாடியா கட்டுறவங்களுக்கு மண்ணடுப்புல நாலு கல்லு அடுக்கத் தெரியல. பொறி பறக்காம என்ன செய்யும்?"

பன்றி யார் பக்கமும் சேரவில்லை. இரண்டு வருடமாக அக்காளும் தம்பியும் பேசிக்கொண்டது வக்கீல் கடிதங்களில்தான். வக்கீல் இன்று முன்வாசலில் கவா வேர்ச்சாறு குடித்துக்கொண்டிருந்ததால் அந்த வேலை பன்றிக்கு வந்தது.

முன்வீட்டில் அத்தை மெலனைட்டே மரப்பட்டைத் துணிகளுக்கு நடுவே படுத்திருந்தாள். எண்பத்திரண்டு வயது. முந்தாநாள் காலை நர்ஸ் ஊசியோடு வந்தபோது, "இரும்மா, ரேடியோவுல காத்து எந்தப் பக்கம்னு சொல்றான், கேட்டுக்கிறேன்" என்றாள். காற்று தென்கிழக்கு என்று சொல்லி முடிப்பதற்குள் போய்விட்டாள். நல்ல காற்றுதான், படகு விடத் தோதான காற்று என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். யாரும் ஓவென்று அழவில்லை. விடியும்வரை பாடியிருந்தார்கள், இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அத்தை சாவில் அண்ணன் பிள்ளைகளுக்கு இடம் கொல்லைப்புறம்தான். உடம்பையே மறைக்கிற பழம்பாயைச் சுற்றிக்கொண்டு, புகையில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் சமைக்க வேண்டும். எத்தனை மாடி கட்டியவனாக இருந்தாலும் சரி.

படகு அத்தையுடையது. இருபத்தெட்டு வருடம் முன்னால் ஹுங்காத் தீவில் ஒரு பெண் ஆஸ்பத்திரிக்கு வர வழியில்லாமல் செத்துப்போனாள். அத்தை வனிலாத் தோட்டத்தை விற்றுப் படகு வாங்கினாள். வவாவுத் தீவுகளில் எங்கிருந்து நோயாளி கூப்பிட்டாலும் காசு வாங்காமல் போய் ஏற்றி வருவது என்று ஓர் அறக்கட்டளை எழுதினாள். மூன்று பொறுப்பாளர்கள்: அத்தை, கலோ, விலியாமி.

விலியாமிக்குப் பெரிய யோசனை இருந்தது. பழைய படகை விற்றுவிடலாம், அலுவலகத்தை ஆக்லாந்துக்குக் கொண்டுபோகலாம், அப்பா பெயரை வைக்கலாம், அங்கே விருந்து நடத்தி நிதி திரட்டி இங்கே வாடகைப் படகு அமர்த்தலாம். பதினாறு வருடமாக ரேடியோப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்கிற கலோவுக்கு ஒரே கேள்விதான் இருந்தது: ஹுங்காவில் ஒருத்திக்கு வலி எடுத்தால் ஆக்லாந்தில் யாருக்குக் காது கேட்கும்?

நடுவில் உட்கார்ந்திருந்த அத்தை எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. வக்கீலைக் கூப்பிட்டு அறக்கட்டளைப் பத்திரத்தில் ஒரு வரி மட்டும் சேர்த்து எழுதச் சொன்னாள். 'என் சாவில் என் தலைமாட்டில் உட்காருகிறவர் என் நாற்காலியிலும் உட்காரட்டும்.' வக்கீல் சிரித்துக்கொண்டே எழுதினார்.

தலைமாட்டில் உட்காருவது ஃபஹூ. செத்தவரின் அப்பாவோடு கூடப்பிறந்த பெண்வழியில் வரும் முறைக்காரி. அன்று முழுக்க அவள் சொன்னது சொன்னதுதான். அது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஹொனலுலுவில் இருக்கும் லெஸியெலி. தாத்தாவின் தங்கை மகள். பன்னிரண்டு வருடம் முன்பு அப்பா சாவிலும் அவள்தான் உட்கார்ந்தாள். ஆகவே இரண்டு வருடமாக கலோ அவளுக்கு மெல்லிய பாயாக முடைந்து அனுப்பினாள். விலியாமி டிவி வாங்கிக் கொடுத்தான். இந்தச் சாவுக்கு விமான டிக்கெட்டும் எடுத்தான்.

அந்த லெஸியெலிதான் இப்போது கறுப்புப் பட்டும் கைவிசிறியுமாகக் கொல்லைப்புறத்துக்கு வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"முறைக்காரி சொல்லி அனுப்பினா. சேம்பிலையில கட்டுன லூ இன்னும் வேகலையான்னு கேக்குறா. அவளுக்குத் தேங்காய்ப்பால் நிறைய ஊத்தணுமாம்."

"நீங்கதானே முறைக்காரி?" என்றான் விலியாமி.

"நானும் அப்படித்தான் நெனச்சு வந்தேன், தம்பி. தலைமாட்டுக்கு நடந்துகூட போயிட்டேன். நம்ம குடும்பப் பெரியவர் செமிசி தாத்தா கையை நீட்டித் தடுத்துட்டாரு. 'மூத்தவ வழி இருக்கும்போது இளையவ வழி உக்காரக்கூடாது'ன்னு சபையிலேயே சொல்லிட்டாரு. உங்க தாத்தாவுக்கு என் அம்மாவுக்கும் மூத்ததா ஒரு அக்கா இருந்தாங்கள்ல? அவங்க பேத்தி இருக்காளாம். உங்க அப்பா சாவப்போ அந்த வீட்ல எல்லாரும் காய்ச்சல்ல படுத்திருந்தாங்களாம், அதனாலதான் என்னை உக்கார வெச்சாங்களாம்."

"எந்தப் பேத்தி?" என்றாள் கலோ.

"வாசல்ல கடலைக் கூடையோட நின்னுக்கிட்டிருந்தா. படகுத்துறையில விப்பாளே, சியூ."

விலியாமியின் கையிலிருந்த சேம்பிலைக் கட்டு நழுவியது. அவன் வரைந்த புதிய படகுத்துறைப் படத்தில் சியூவின் கடலைக்கடை இருந்த இடத்தில் புல்வெளி இருந்தது. அந்தப் படத்தை ஊருக்கே காட்டியிருந்தான். கலோ போன மாதம்தான், "மூட்டையை இறக்குக்கா, இது நோயாளிப் படகு, சந்தை வண்டி இல்ல" என்று எல்லோர் முன்னாலும் சியூவைப் படகிலிருந்து இறக்கிவிட்டிருந்தாள்.

இருவரும் ஒரே நேரத்தில் பன்றியைப் பார்த்தார்கள்.

"எனக்கு ரொம்ப நிம்மதி," என்றாள் லெஸியெலி, ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து. "அங்க சம்மணம் போட்டு உக்காந்தா என் முதுகு என்னத்துக்காகும்? ஆமா, அந்த டிவியைத் திருப்பித் தரணுமா?"

முதலில் கலோதான் சிரித்தாள். விலியாமி அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. பாய்கள் இரண்டும் குலுங்கின. அத்தைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மரப்பட்டைத் துணிக்குள் அவளும் குலுங்கிக்கொண்டிருப்பாள் என்று கலோவுக்குத் தோன்றியது. அப்போதுதான் கண் எரிந்தது. புகை என்று துடைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் உத்தரவுகள் வந்துகொண்டே இருந்தன. பன்றியின் முதுகுக்கறி முறைக்காரிக்கு. ஈரப்பலா தீயக்கூடாது. பாட்டுக்காரர்களுக்கு இன்னொரு தடவை தேநீர். விலியாமி விறகு பிளந்தான், கலோ இலை கட்டினாள். நடுவில் ஒருமுறை கலோ சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். சியூ கடலைக்கடை கவுனோடு, பாய்மலைக்கு நடுவில், அரசியாட்டம் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை அத்தையின் நெற்றியில் இருந்தது. யாரும் பார்க்காதபோது குனிந்து அத்தை காதில் ஏதோ சொன்னாள்.

பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பித்தளை வாத்தியங்கள் முழங்க அத்தையைத் தூக்கிப் போனார்கள். வெள்ளை மணல் கொட்டி, அதன்மேல் கறுப்புக் கூழாங்கல் பரப்பி முடிந்ததும் சியூ மண்மேட்டருகே பாயில் உட்கார்ந்தாள். கையில் கத்தரிக்கோல். முறையில் கீழே இருக்கும் அண்ணன் பிள்ளைகளின் முடியைக் கத்தரிப்பதும் அவள் உரிமைதான்.

"வாடா, கட்டிடக்காரா. புல்வெளி போடுறவனே."

விலியாமி தலையைக் குனிந்து முன்னால் உட்கார்ந்தான். க்ரிச். நெற்றிக்கு மேல் கோணலாக ஒரு கொத்து போயிற்று.

"நீ வா, மூட்டை இறக்குறவளே."

கலோவுக்கும் அதே இடத்தில், அதே கோணலில். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சியூ சிரிக்கவில்லை.

"கேட்டுக்குங்க. அவ நாற்காலி இப்ப என்னோடது. வக்கீலய்யா, சரிதானே?"

வக்கீல் தலையாட்டினார்.

"படகை விக்கிறதா வெச்சுக்கிறதான்னு நான் சொல்லமாட்டேன். நீங்க ரெண்டுபேரும் ஒரே வாயா ஒரு பதிலைக் கொண்டாங்க. அன்னைக்கு இந்தப் பாயை அவுத்துவிடுறேன். அதுவரைக்கும் கட்டிக்கிட்டே திரிங்க."

"சியூக்கா," என்றான் விலியாமி, "எனக்கு நாளைக்கு விமானம்."

"பாயோட போ. இருக்கைப் பட்டையை அதுமேலயே மாட்டிக்கலாம்."

"ஆக்லாந்துல எல்லாரும்..."

"எல்லாரும் பாக்கட்டுமே. உங்க அத்தைக்காகக் கட்டினதுதானே? அதுல என்ன வெக்கம்?" கத்தரிக்கோலை மடியில் வைத்தாள். "ஹுங்கா ஆளுங்க விடியவிடிய பாடிட்டு, அலை ஏறுறதுக்குள்ள கெளம்பிட்டாங்க. அவங்க பங்குச் சோறும் பாயும் இன்னும் போகல. இப்பவே ரெண்டுபேரும் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க. பன்றியைக் கூட்டிட்டுப் போகாதீங்க, வாயை நீங்களே தொறங்க."

படகில் பின்பலகையின் நடுவே அத்தையின் சிவப்பு மெத்தை கிடந்தது. இலவம்பஞ்சு ஒரு மூலையில் பிதுங்கியிருந்தது. இருபத்தெட்டு வருடமாக அதில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. முதல் வருடம் ஒருநாள் விலியாமி உட்கார்ந்து பார்த்து முதுகில் ஓர் அறை வாங்கினான்.

கலோ சுக்கானைப் பிடித்தாள். அவன் முன்பக்கம் போய் நின்றான். இயந்திரம் இரண்டு தடவை இருமி நின்றது. மூன்றாவது தடவை இழுக்கப்போனவளிடம் அவன் திரும்பாமலே சொன்னான்.

"எரிபொருள் குழாயைத் தட்டணும். அத்தை செருப்பால தட்டுவாங்க."

கலோ செருப்பைக் கழற்றித் தட்டினாள். கிளம்பிற்று.

ஹுங்காவில் ஆட்கள் இடுப்பளவுத் தண்ணீரிலேயே வந்து நின்றார்கள். படகைக் கண்டதும் பாட்டு எடுத்தார்கள், நாலு குரலில், தண்ணீரில் கையால் தாளம் தட்டி. கூடைகள் கைமாறின. ஒரு பெண் வயிற்றைத் தாங்கிக்கொண்டு படகின் விளிம்பைப் பிடித்தாள்.

"படகு ஆக்லாந்துக்குப் போகப்போகுதாமே? எனக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு."

கலோ தம்பி பக்கம் திரும்பினாள். விலியாமி அந்தப் பெண்ணைப் பார்த்தான். கோணலாக வெட்டிய தன் முடியை ஒருமுறை தடவிக்கொண்டான்.

"யார் சொன்னது?" என்றான். "திங்கக்கிழமை செக்கப்புக்கு ஏத்திப்போக வரும். எப்பவும்போல. அதுக்கு முன்னாடி வலி எடுத்தா ரேடியோவுல கூப்பிடுங்க. அக்கா இருப்பாங்க."

அக்கா என்று அவன் சொல்லிக் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. கலோ கடலைப் பார்த்தாள்.

"ஒரே வாயாத்தான் சொல்லணும்னாங்க சியூக்கா," என்றாள்.

"சொல்லிடலாம். ஆனா புது இயந்திரம் ஒண்ணு நான் அனுப்புவேன். அதுக்கு மறுப்பு சொல்லக்கூடாது."

"யார் மறுப்பு சொன்னா? செருப்பாவது மிச்சமாகும்."

திரும்பும்போது தென்கிழக்குக் காற்று வலுத்தது. தண்ணீர் படகுக்குள் தெறித்தது. பழம்பாய்கள் இரண்டும் அடியில் நனைந்து கனத்துத் தரையில் இழுபட்டன. பின்பலகையில் இரண்டு ஓரங்களிலும் இடம் இருந்தும் இருவரும் நின்றுகொண்டே வந்தார்கள்.

அடுத்த அலை வருவதற்குள் விலியாமி குனிந்தான். சிவப்பு மெத்தையை இரண்டு கையாலும் எடுத்து, தெறித்த துளிகளைத் தன் பாயின் காய்ந்த பக்கத்தால் துடைத்து, கூடாரத் துணிக்கு அடியில், காற்று படாத மூலையில் வைத்தான்.