கடலா? பார்க்கலாம்

வீரம்மா கப்பலில் வந்தவள்தான். ஆனால் கடலைப் பார்த்ததில்லை. சொன்னால் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒருத்தரும் நம்புவதில்லை. நாகப்பட்டினத்தில் ஏறும்போதே அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. அடித்தட்டில் பாயை விரித்துக் கிடத்தியவர்கள், இறங்குகிற அன்றுதான் தட்டி எழுப்பினார்கள். வாந்தி, வியர்வை, கருவாட்டு வீச்சம். அவளுக்குத் தெரிந்த கடல் அவ்வளவுதான்.

பிறகு கல்யாணமானது. புருஷன் பக்கிரிசாமி ரயில் பட்டறையில் பெட்டி கட்டும் தச்சன். அவனுடைய ரயில் பாஸில் துறைமுகம் வரைக்கும் போய்ப் பார்த்தாள். அங்கே சேறு இருந்தது, அதில் வேர் பரப்பி முளைத்த பாக்காவ் மரம் இருந்தது, எதிரே தீவுகள் சுவர் மாதிரி மறித்துக்கொண்டு நின்றன. கடல் எங்கே என்று கேட்டால் அந்தத் தீவுக்குப் பின்னால் என்று கையைக் காட்டினார்கள். அன்றிலிருந்து அது அவள் மனசில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. இவ்வளவு பெரிய வஸ்துவாம், அதன் மேலேயே வந்திருக்கிறாள், கண்ணில் படவில்லை என்றால் யாருக்குத்தான் ஆறும்?

அவள் இலவம்பஞ்சு மெத்தை தைக்கிறவள். முழ நீள ஊசியை மேலிருந்து குத்தினால் கீழே இருப்பவள் வாங்கித் திருப்பிக் குத்த வேண்டும். முடிச்சு விழுந்தால் பஞ்சு அழுகினாலும் முடிச்சு அவிழாது. அந்தக் கைதான் அவளைக் கிள்ளான் பக்கத்தில் கித்தா என்கிற ரப்பர்த் தோட்டம் ஒன்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அந்தத் தோட்டத்து மேனேஜரைக் காத்தாடித் துரை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சண்டைக் காலத்தில் ஏரோப்ளேன் ஓட்டியவர். சண்டை முடிந்து பட்டாளத்தார் கழித்துக் கட்டிய பழைய ப்ளேன் ஒன்றைச் சிங்கப்பூரில் வாங்கிக் கொண்டுவந்து, ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகையில் போட்டு வைத்திருந்தார். இறக்கைத் துணியை எலி தின்றது, மரத்தைக் கரையான் தின்றது, மிச்சத்தை மழை தின்றது. இந்த வருஷம் துரை வேலையை விட்டு ஒரேயடியாகச் சீமைக்குப் போகிறார். இந்த நாட்டில் அந்த ஜாதி ப்ளேன் வேறு இல்லை என்பதால் கோலாலம்பூர் மியூசியத்துக்காரர்கள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பாடம் பண்ணிய புலிக்குப் பக்கத்தில் நிறுத்தப் போகிறார்களாம். அதற்கு முன்னால் அதைப் புதுசு மாதிரி ஆக்க வேண்டும், ஒரே ஒரு தடவை பறக்க வேண்டும் என்பது துரையின் பிடிவாதம்.

மர வேலைக்குப் பக்கிரிசாமி, துணி வேலைக்கு வீரம்மா. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு காலி வீட்டைக் கொடுத்தார்கள். வந்த அன்றைக்கே வீரம்மா ப்ளேனைச் சுற்றி வந்து பார்த்தாள். அதில் ஆள் உட்கார இரண்டு குழிகள் இருந்தன. ஒன்று துரைக்கு. இன்னொன்று யாருக்கு? அவள் நேரே துரை முன்னால் போய் நின்றாள்.

"தொரை, நான் தச்சுக் குடுக்குறேன். இது பறக்குறப்ப என்னையும் ஏத்திக்கிட்டுப் போங்க. நான் கடலைப் பாக்கணும்."

துரை தமிழ்ப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியவர். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

"கடலா? பார்க்கலாம். பார்க்கலாம்."

அவ்வளவுதான், வீரம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. பெண் கேட்டு வந்தவனைத் திருப்பி அனுப்ப என்ன சொல்லுவோம்? பார்க்கலாம். கைமாற்றுக் கேட்டவனிடம்? பார்க்கலாம். இல்லை என்று வாயால் சொல்லக் கூசுகிறவர்களுக்காகவே உண்டான வார்த்தை அது. அதையும் துரை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சொல்லியிருக்கிறார்.

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி முத்துக்குமாரு யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கிலும் இங்கிலீஷிலும் புலி. அவரிடம் கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "துரை மரியாதையாய் மறுத்திட்டார், பிள்ளை. பெரிய இடத்திலை அப்பிடித்தான் கதைப்பினம்," என்று முடித்துவிட்டார். அதற்கப்புறம் தானே அந்த இரண்டாவது குழியைக் கண்ணால் அளந்து பார்க்கவும் தொடங்கினார்.

பக்கிரிசாமிக்குக் கேலி பண்ண விஷயம் கிடைத்துவிட்டது. மகாராணி கடல் பார்க்கப் போகும்போது நான் கட்டுச்சோறு கட்டித் தரட்டுமா என்பான். அவள் ஊசியைக் காட்டுவாள். அவன் போய் விலா சீவுவான். இறக்கைக்குள் இருக்கிற வளைந்த சட்டங்களுக்கு அவர்கள் வைத்த பேர் விலா. கரையான் தின்ற விலாக்களை எடுத்துவிட்டு, ரயில் பெட்டிக்குச் சன்னல் சட்டம் சீவுகிற கையால் புது விலா சீவிப் பொருத்தினான்.

இறக்கைக்குப் போடச் சீமையிலிருந்து லினன் துணி வந்தது. கப்பலில் உப்புத்தண்ணீர் பட்டுப் பூசணம் பிடித்திருந்தது. கிராணி அதைத் தோட்டத்து டோபி ரெங்கசாமியிடம் வெளுக்கக் கொடுத்தார். ரெங்கசாமி தொழிலில் குறை வைக்காதவன். துரை வீட்டு வெள்ளைத் துணி என்றால் கஞ்சி போடாமல் அவன் கையைவிட்டுப் போகாது. ஒரு பானைக் கஞ்சி வடித்து, நீலம் போட்டு, பெட்டி போட்டுத் தேய்த்து, அப்பளம் மாதிரி மொடமொடவென்று கொண்டுவந்து அடுக்கினான். வீரம்மாவுக்கே சந்தோஷம். ஊசி சுருக்கமில்லாமல் ஓடியது. லயத்து வள்ளியம்மா கீழே குந்திக்கொண்டு ஊசியை வாங்கித் திருப்பிக் குத்தினாள். நாலு இறக்கையும் தைத்து முடித்தார்கள்.

அதற்கு மேல் பூச ஒரு வார்னிஷ் உண்டு. அது இறுகினால்தான் துணி தப்பட்டை மாதிரி விறைத்து நிற்கும். கனிந்த வாழைப்பழ வாசம் அடிக்கும். ஈயும் எறும்பும் ஏமாந்து வந்து ஒட்டிக்கொண்டு செத்தன. துரை தன் கையாலேயே பூசினார். மறுநாள் வந்து விரலால் தொட்டுப் பார்த்தால் வார்னிஷ் பாலாடை மாதிரி உரிந்து வந்தது. இன்னொரு இடத்தில் தொட்டார், அங்கேயும் உரிந்தது. துணியை மோந்து பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார்.

ரெங்கசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். பரிசு கொடுக்கப் போகிறார் என்று நினைத்தான்போல.

"பச்சரிசிக் கஞ்சிங்க தொரை. லேசுல போவாது."

துரை ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். முதலில் தலையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று கிராணி பதறிக் குனிந்து பார்த்தால், மனுஷர் சிரித்துக்கொண்டிருந்தார்.

சிரித்தால் வேலை நடக்குமா? தைத்தது அத்தனையும் பிரிக்க வேண்டும், கஞ்சி போக வெந்நீரில் அலச வேண்டும், முதலிலிருந்து தைக்க வேண்டும். பக்கிரிசாமி அன்று ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, மூட்டையைக் கட்டு போகலாம் என்றான். உன்னை ஏற்றிக்கொள்ளவும் போவதில்லை, இரண்டாந்தரம் எதற்காக விரல் தேயத் தைக்க வேண்டும் என்று கேட்டான். கேட்டது நியாயம்தான். வீரம்மா அவன் தட்டில் குழம்பை ஊற்றினாள்.

"மேல போயி உரிஞ்சுக்கிச்சுன்னா அந்தாளு செத்துப்போயிருவாரு. யாரு தச்சான்னு கேப்பாங்க. எம் பேரைத்தான சொல்லுவீங்க?"

அவன் சோற்றைப் பிசைந்தான்.

மறுபடியும் தைத்தார்கள். இந்தத் தடவை லயத்துப் பெண்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டு முடிந்து வந்து ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்தார்கள். பேச்சும் வெற்றிலையுமாகக் கொட்டகை சந்தை மாதிரி இரைந்தது. ரெங்கசாமி பாவத்துக்குப் பரிகாரமாக எல்லோருக்கும் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தான். கஞ்சிக்காரா நூல் கொண்டா என்று அவனை விரட்டிக்கொண்டே இருந்தார்கள். வார்னிஷ் இந்தத் தடவை பிடித்துக்கொண்டது. தட்டினால் டம்மென்றது. வீரம்மா ஒவ்வொரு விலாவாகத் தட்டிப் பார்த்தாள். நல்ல வேலை. அதைத் துரை சொல்லித்தான் அவளுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

பறக்கிற நாளும் வந்தது. தோட்டத்துத் திடலில் விடிந்ததிலிருந்தே கூட்டம். கிராணி முத்துக்குமாரு கறுப்புக் கோட்டுப் போட்டு, அந்த வெயிலில் கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டும் கட்டி, ப்ளேனுக்குப் பக்கத்தில் நின்றார். மேலே குளிரும் என்று படித்திருக்கிறாராம். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தன்னைவிட்டால் வேறு யார் என்று அவரே நினைத்துக்கொண்டார்.

வீரம்மா திடலுக்குப் போகவில்லை. கிராணி அந்தக் குழியில் ஏறி உட்காருவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. லயத்து வீட்டில் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அப்போது வள்ளியம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அக்கா, ஒன்ன எங்கன்னு கேக்குறாரு தொரை. கோவமா இருக்காரு. வா சீக்கிரம்."

தையலில்தான் ஏதோ கோளாறு என்று வீரம்மா நினைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். துரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் லேட்டு? நான் அன்றைக்கே சொன்னேன். கடல் பார்க்கலாம்."

வீரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு இப்போது லேட்டு என்று சத்தம் போடுகிறாரே. கிராணிதான் துரையிடம் இங்கிலீஷில் என்னவோ கேட்டார். துரை பதில் சொன்னார். கிராணியின் முகம் மெல்ல மாறியது. கழுத்துத் துண்டை அவிழ்த்தார்.

"பிள்ளை, அவர் மறுக்கேல்லை. 'பார்க்க உனக்கு உத்தரவு உண்டு' எண்டு சொல்லியிருக்கிறார். புத்தகத்திலை அந்தச் சொல்லுக்கு அதுதான் அருத்தம் போட்டுக் கிடக்கு. நாங்கள்தான்..." என்று நிறுத்தினார். பிறகு அந்தத் துண்டை நீட்டினார். "இந்தா, இதைக் காதிலை கட்டு. குளிருமாம்."

பக்கிரிசாமிதான் அவளைத் தூக்கிக் குழிக்குள் இறக்கினான். பட்டையை அவள் இடுப்பில் இறுக்கினான், மறுபடியும் இறுக்கினான். அவள்தான் போதுங்க என்றாள்.

ப்ளேன் மூக்கிலிருந்த காத்தாடியைச் சுழற்றிவிட்டதும் எஞ்சின் தும்மியது, உறுமியது, பிறகு எண்ணெயைத் துப்பியது. விளக்கெண்ணெய்தான். அந்த எஞ்சினுக்கு அதுதான் ஆகாரமாம். குழந்தைக்குப் பேதிக்குக் கொடுக்கிற அதே வாசம். முகம், கழுத்து, மூக்குத்தி எல்லாம் எண்ணெய். திடல் குலுங்கிக் குலுங்கி ஓடியது. அப்புறம் குலுக்கல் நின்றுவிட்டது. நின்றதற்குக் காரணம் தரை இல்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

பயந்தாளா? பயந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள். பிறகு கண்ணை மூடிக்கொள்ளவா இவ்வளவு பாடு என்று திறந்தாள்.

அந்தத் தீவுகள் கீழே கீரைப் பாத்தி மாதிரிக் கிடந்தன. எத்தனை வருஷம் மறித்துக்கொண்டு நின்றவை, இப்போது அவற்றைத் தாண்ட ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை. அதற்கப்புறம் அது இருந்தது. முதலில் சேற்று நிறம், அப்புறம் பச்சை, அப்புறம் பேர் சொல்லத் தெரியாத ஒரு நிறம். வெயில் அதன் மேல் பட்டு உடைந்துகொண்டே இருந்தது. அது எங்கே முடிகிறது என்று தேடினாள். முடியவில்லை. வானத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. அதன் நடுவே ஒரு கப்பல் புகை விட்டுக்கொண்டு கரையைப் பார்த்து வந்தது. அதன் அடித்தட்டிலும் யாராவது காய்ச்சலில் படுத்துக்கிடக்கலாம். வீரம்மா கையை ஆட்டினாள். அப்புறம் சிரித்தாள். காற்று அவள் சிரிப்பை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது, அவள் விடாமல் சிரித்தாள். முன்னால் இருந்த துரை திரும்பிப் பார்த்துத் தானும் சிரித்து, இன்னொரு வட்டம் சுற்றினார். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் கழுத்தைப் பின்னால் திருப்பிக் கடலையேதான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இறங்கியதும் கூட்டம் வந்து மொய்த்தது. அவளுக்குக் காது அடைத்துப்போயிருந்ததால் எல்லோரிடமும் கத்தினாள். ரெங்கசாமி அவள் காதருகே வாயை வைத்து, தன் துணிக்கொடி மேலேயிருந்து தெரிந்ததா என்று கேட்டான். தெரிஞ்சுது, கொக்குக் கூட்டமாட்டம் வெள்ளையா தெரிஞ்சுது என்றாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே வள்ளியம்மா தன் ஆடு தெரிந்ததா என்றாள். ஓ, வேலியைத் தாண்டி மேயுது என்றாள் வீரம்மா. வள்ளியம்மா வேலியைப் பார்த்து ஓடினாள். கோயில் கூரை தெரிந்ததா, வாழைத்தோட்டம் தெரிந்ததா, ஆபீஸ் தெரிந்ததா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கிராணிகூடக் கொஞ்சம் கூச்சத்தோடு தன் வீட்டு முருங்கை மரத்தைப் பற்றி விசாரித்தார்.

தோட்டத்தின் பக்கம் அவள் ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் யாரையும் அவள் வெறுங்கையோடு அனுப்பவில்லை.

"தெரிஞ்சுதுங்க கிராணியய்யா," என்று கத்தினாள் வீரம்மா, எண்ணெய் வழிகிற முகத்தைத் துடைத்துக்கொண்டே. "காய் காய்ச்சுத் தொங்குது."